உலக க்ராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரத்தான் தெரியும், ஒலிம்பிக்ஸ் தெரியும், ஆனா இந்த ரேஸ் பத்தி கேட்டா நிறைய பேருக்கு ஒண்ணும் தெரியறதில்ல. நீண்ட தூரம் ஓடுறவங்கள்ல உலகத்துலயே கெட்டிக்காரங்க எல்லாரும், 1500 மீட்டர் ஆளு, ஸ்டீபிள்சேஸ் (தடையும் தண்ணிப் பள்ளமும் தாண்டி ஓடுறது) ஆளு, 10,000 ஆளு, மாரத்தான் ஆளுன்னு பிரிவே பாக்காம ஒரே கோட்டுல நின்னு ஓடுற ரேஸ் இது ஒண்ணுதான். அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களுக்கு இங்க பதில் போட்டிருக்கேன்.

க்ராஸ் கன்ட்ரின்னா என்ன, சும்மா காட்டுக்குள்ள ஓடுறதா?

காடுதான்னு இல்ல. ரோடும் இல்லாம ட்ராக்கும் இல்லாம புல்லு, மண்ணு, மேடு, பள்ளம், சேறுன்னு இயற்கையான தரையில ஓடணும், அவ்ளோதான். பெரிய போட்டிகள்ல 1500லேர்ந்து 2000 மீட்டர் வரைக்கும் வர்ற மாதிரி ஒரு சுத்து போட்டு, அதையே பல தடவை ஓட விடுவாங்க. ட்ரெயில் ரன்னிங்கோட இத குழப்பிக்காதீங்க, அது மலைப்பாதையில மணிக்கணக்கா போறது, இது அரை மணி நேரத்துல முடிஞ்சிடும் ஆனா அந்த அரை மணி நேரமும் மூச்சு விட நேரமிருக்காது. ஆரம்பத்துல நல்லா அகலமான நேர் பாதை இருக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி அதுக்குள்ள நிக்க வெப்பாங்க, துப்பாக்கி சத்தம் கேட்டதும் நூத்துக்கும் மேல பேர் ஒரே நேரத்துல பாய்வாங்க, கொஞ்ச தூரத்துல பாதை குறுகும், அதுக்குள்ள முன்னாடி போயிடலன்னா மாட்டிக்கிட்டீங்க.

எப்ப ஆரம்பிச்சது?

இங்கிலாந்து பள்ளிக்கூடங்கள்ல பசங்க விளையாடின விளையாட்டுலேர்ந்து வந்தது இது. முன்னாடி ஓடுற ஒண்ணு ரெண்டு பேர் காகிதத் துண்டு போட்டுட்டே போவாங்க, மத்தவங்க அதப் பாத்து துரத்துவாங்க. 1876ல அங்க தேசிய சாம்பியன்ஷிப் நடத்தப் பாத்தாங்க, எப்பிங் காட்டுல ஓடினவங்க எல்லாரும் வழி தவறிப் போயிட்டதால அந்த ரேஸே செல்லாதுன்னு ஆயிடுச்சு, அடுத்த வருஷம்தான் ஒழுங்கா நடந்துச்சு.

நாடுகளுக்கு நடுவுல போட்டின்னா 1903. ஸ்காட்லாந்துல ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்துல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாலு மட்டும் ஓடினாங்க, ஜெயிச்சது ஆல்ஃப்ரெட் ஷ்ரப். 1907ல ஃபிரான்ஸ் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா மத்த நாடுங்க சேந்துச்சு. 1973ல பெல்ஜியம் நாட்டு வாரெகெம் ஊர்ல உலகத் தடகள அமைப்பு நேரடியா எடுத்து நடத்தினதுலேர்ந்துதான் இப்ப நாம சொல்ற உலக சாம்பியன்ஷிப் கணக்கு. அந்த முதல் வருஷம் ஆண்கள்ல ஃபின்லாந்தோட பெக்கா பைவரின்டா, பெண்கள்ல இத்தாலியோட பாவோலா பிக்னி.

எத்தனை ரேஸ் இருக்கு, எவ்ளோ தூரம்?

இப்ப அஞ்சு. பெரியவங்க ஆண்கள் 10 கி.மீ., பெண்கள் 10 கி.மீ., 20 வயசுக்குட்பட்ட பசங்க 8, பொண்ணுங்க 6, அப்புறம் ரெண்டு ஆண் ரெண்டு பெண் சேந்து ஆளுக்கு கிட்டத்தட்ட 2 கி.மீ. ஓடுற கலப்பு ரிலே. எல்லாமே ஒரே நாள்ல முடிஞ்சிடும்.

பெண்களுக்கு தூரம் மாறின கதை ஒண்ணு தெரிஞ்சுக்கணும். 1973ல வெறும் 4 கி.மீ.தான் குடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 8 வரைக்கும் வந்து, 2017லதான் ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஒரே 10 கி.மீ. ஆச்சு, ஆண்களுக்கு அதுக்கு முன்னாடி 12 இருந்துச்சு. இதுக்கு 44 வருஷம் ஆனது ரொம்ப அதிகம்னுதான் நான் சொல்லுவேன். கலப்பு ரிலேவும் அதே 2017லதான் வந்துச்சு.

1998லேர்ந்து 2006 வரைக்கும் 4 கி.மீ. குறுகிய ரேஸ் தனியா ஒண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல. பழைய ரிசல்ட் பாக்கும்போது ஒரே வருஷத்துக்கு ரெண்டு சாம்பியன் பேர் வந்தா அதுதான் காரணம்.

டீம் ஸ்கோர் எப்படி போடுறாங்க? எனக்கு ஒண்ணுமே புரியல

இது புரிஞ்சா பாதி ரேஸ் புரிஞ்ச மாதிரி, அதனால நிதானமா பாப்போம்.

ஒரு நாட்டுக்கு ஆறு பேர் வரைக்கும் ஓடலாம். அதுல முதல்ல வர்ற நாலு பேரோட இடத்த மட்டும் கூட்டுவாங்க. எந்த நாட்டுக்கு கூட்டுத்தொகை கம்மியோ அந்த நாடு ஜெயிக்கும். உதாரணத்துக்கு ஒரு நாட்டுல முதல் ரெண்டு இடமும் கிடைச்சிருச்சுன்னு வெச்சுக்கோங்க, மூணாவது ஆளு 40வது, நாலாவது ஆளு 50வது வந்தா மொத்தம் 93. இன்னொரு நாட்டுக்காரங்க ஒருத்தரும் முதல் பத்துலயே இல்ல, 12, 15, 18, 20ன்னு வந்தாங்க, மொத்தம் 65. தங்கம் அவங்களுக்குத்தான், ரெண்டு பேர் மெடல் வாங்கின நாடு பாத்துக்கிட்டு நிக்கணும்.

இப்ப யோசிங்க, அந்த 50வது இடத்துல வர்ற ஆளு கடைசி நேர் பாதையில அஞ்சு பேர முந்தினா டீமுக்கு அஞ்சு பாயின்ட் குறையும். முதல் இடத்துல இருக்கறவன் எவ்ளோ வேகமா ஓடினாலும் ஒண்ணுக்குக் கீழ போக முடியாது. அதனாலதான் கேமரா ஜெயிச்சவர காட்டிட்டிருக்கும்போது பின்னாடி 30வது, 40வது இடத்துக்கு ஆளுங்க உயிரக் குடுத்து ஓடுறது, கோட்டத் தாண்டினதும் சுருண்டு விழுறது. என்னைக் கேட்டா இந்த ரேஸோட நிஜமான ஹீரோ அந்த நாலாவது ஆளுதான். டிராக்ல 40வது இடம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ரோட்டுல இருந்தாலும் அத யாரும் கண்டுக்கறதில்ல, இங்க மட்டும் அந்த ஒரு இடம் ஒரு நாட்டுக்கு மெடல் குடுக்கும் இல்லன்னா பறிக்கும்.

ரெண்டு நாட்டுக்கும் ஒரே பாயின்ட் வந்தாலும் நாலாவது ஆளுதான் தீர்மானிக்கிறார். யாரோட கடைசி ஸ்கோரர் முன்னாடி வந்தாரோ அந்த டீம் மேல. முன்ன ஆண்கள்ல ஆறு பேர் ஸ்கோர் எடுக்கற காலம் இருந்துச்சு, அப்ப ஒரு டீமோட ஆழம் இன்னும் நல்லா தெரியும்.

குறைஞ்சபட்ச ஸ்கோர் எவ்ளோன்னு கேக்கறாங்க, 1+2+3+4 = 10. அது 2017ல உகாண்டாவோட கம்பாலால பெண்கள் ரேஸ்ல நடந்துச்சு. கென்யா முதல் நாலு இல்ல, முதல் ஆறு இடத்தயும் எடுத்தாங்க, ஐரீன் செப்டாய் தங்கம். ஸ்கோர்ல சேராத அந்த ஆறாவது ஆளு யாருன்னு பாத்தா ஃபெய்த் கிப்யேகன், ரியோ ஒலிம்பிக்ஸ் 1500 மீட்டர் தங்கம் வாங்கினவங்க! நாலாவதா வந்தது ஸ்டீபிள்சேஸ் உலக சாம்பியனா இருந்த ஹைவின் கியெங். இப்படி ஒரு டீம் ஷீட்ட வேற எந்தப் போட்டியில பாக்க முடியும் சொல்லுங்க.

எப்பவும் கென்யா, எத்தியோப்பியாதானா? அப்ப பாக்க என்ன இருக்கு?

அவங்க ஆதிக்கம் நிஜம்தான். கென்யா ஆண்கள் டீம் 1986லேர்ந்து 2003 வரைக்கும் 18 வருஷம் வரிசையா தங்கம் எடுத்துச்சு, அதுக்கு முன்னாடி 1981-85 அஞ்சு வருஷமும் எத்தியோப்பியா. கடல் மட்டத்துலேர்ந்து 2000 மீட்டருக்கு மேல பொறந்து வளர்றது ஒரு காரணம், ஆனா அதையே முழுக் காரணமா சொல்றது அவங்க உழைப்பக் குறைச்சுப் பேசற மாதிரி. அந்த மாதிரி உயரத்துல உலகத்துல எத்தனையோ ஊர் இருக்கு. அவங்க கிட்ட இருக்கறது கூட்டமா பயிற்சி பண்ற பழக்கம், ஜெயிச்சா வாழ்க்கை மாறும்னு கண் முன்னாடி நூறு உதாரணம், அப்புறம் கொடூரமான உள்நாட்டு செலக்‌ஷன். கென்யா ட்ரயல்ஸ்ல தோத்துப்போன ஆளு உலக ரேஸ்ல ஓடியிருந்தா முதல் பத்துல வந்திருப்பார்னு பல வருஷம் சொல்லலாம்.

ஆனா இப்ப நெலம மாறிட்டு வருது. எரித்ரியாவோட ஜெர்செனாய் டடேசே 2007ல மொம்பாசால ஜெயிச்சார், கென்யா மண்ணுலயே. 2019ல உகாண்டா ஆண்கள் தனிநபர், டீம் ரெண்டும் எடுத்தாங்க. உகாண்டாவோட ஜேக்கப் கிப்லிமோ 2023, 2024, 2026ன்னு மூணு தடவை தொடர்ந்து தங்கம்.

இதுவரைக்கும் ஓடினவங்கள்ல யாரு பெஸ்ட்?

எத்தியோப்பியாவோட கெனெனிசா பெக்கெலே. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. 2002லேர்ந்து 2006 வரைக்கும் குறுகிய ரேஸ், நீண்ட ரேஸ் ரெண்டையும், ஒரு நாள் ஒண்ணு அடுத்த நாள் ஒண்ணுன்னு ஓடி, அஞ்சு வருஷமும் ரெண்டையும் ஜெயிச்சார். 2008ல இன்னொண்ணு. மொத்தம் 11 தனிநபர் சீனியர் தங்கம். இதுல 2005 தனிக்கதை, அந்த வருஷம் ஜனவரில அவர் கூட பயிற்சியில ஓடிட்டிருந்த அவரோட வருங்கால மனைவி ஆலெம் டெசாலே அங்கயே மயங்கி விழுந்து இறந்துட்டாங்க. மார்ச்ல ஃபிரான்ஸ்ல வந்து ரெண்டு ரேஸும் ஜெயிச்சார். அந்த வயசுல அந்த பாரத்தோட எப்படி ஓடினார்னு இன்னிக்கும் எனக்குப் புரியல.

2008 எடின்பரோவுல ஆரம்பத்துலயே யாரோ மிதிச்சு அவர் ஷூ கழண்டுடுச்சு, நின்னு மாட்டிக்கிட்டு, ஒவ்வொருத்தரா புடிச்சு முன்னாடி வந்து ஜெயிச்சார். பதறாம ஓடுறது எப்படின்னு கத்துக்கணும்னா அந்த ரேஸப் பாருங்க.

அவருக்கு முன்னாடி கென்யாவோட பால் டெர்கட் 1995-99 வரிசையா அஞ்சு, ஜான் ங்குகி அஞ்சு. பெண்கள்ல நார்வேயோட கிரெட்டே வைட்ஸ் அஞ்சு, அமெரிக்காவோட டோரிஸ் பிரவுன் 1973க்கு முன்னாடி நடந்த பழைய போட்டில 1967லேர்ந்து 1971 வரைக்கும் அஞ்சு. 10,000 மீட்டர்ல ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கின எத்தியோப்பியாவோட ஹைலே கெப்ரசெலாசி மாதிரி ஆளே இதுல சீனியர் தங்கம் வாங்கினதில்ல, 1994ல வெண்கலம்தான் அவரோட பெஸ்ட், அதுலேர்ந்தே இது எவ்ளோ கஷ்டம்னு புரிஞ்சுக்கலாம்.

ரேஸ்ல பெருசா எதாவது சொதப்பல் நடந்திருக்கா?

நடந்திருக்கு, அதுவும் உச்ச லெவல்ல. 1981 மேட்ரிட்ல எத்தியோப்பியாக்காரங்க மொத்தமா முன்னாடி போய்ட்டிருந்தாங்க, லேப் எண்ணிக்கைல தப்பு பண்ணி ஒரு சுத்து முன்னாடியே கடைசி ஸ்பிரின்ட் அடிச்சிட்டாங்க. இன்னும் ஒரு லேப் பாக்கின்னு தெரிஞ்சப்போ கால்ல ஒண்ணும் மிச்சமில்ல. பின்னாடிலேர்ந்து வந்த அமெரிக்காவோட கிரெய்க் விர்ஜின் ஜெயிச்சார், முந்தின வருஷமும் அவர்தான். எத்தியோப்பியாவோட முகமது கெதிர் ரெண்டாவது. இவ்ளோ ஆகியும் டீம் தங்கம் எத்தியோப்பியாவுக்கே போச்சு, மேல சொன்ன கணக்குதான், அப்ப ஸ்கோர் எடுக்கற ஆறு பேரும் தாங்கிப் புடிச்சாங்க.

2017 கம்பாலா இன்னும் மனச அறுக்கும். உகாண்டாவோட ஜோஷுவா செப்டேகெய் சொந்த நாட்டுக் கூட்டம் கத்த கத்த பெரிய லீட்ல போய்ட்டிருந்தார், கடைசி லேப்ல திடீர்னு கால் தள்ளாட ஆரம்பிச்சிடுச்சு, நடக்கற மாதிரி ஆயிட்டார். கென்யாவோட ஜெஃப்ரி காம்வொரோர் தாண்டிப் போனார், அப்புறம் ஒவ்வொருத்தரா தாண்டினாங்க, கடைசில 30வது. ஆனா அவர் வெளிய போகல, கோட்டத் தாண்டினார். ரெண்டு வருஷம் கழிச்சு டென்மார்க்கோட ஆர்ஹுஸ்ல அவரே உலக சாம்பியன், அப்புறம் 5000, 10,000 உலக சாதனை, ஒலிம்பிக் தங்கம்னு போனார். கம்பாலால அவர் தள்ளாடின அதே நாள்லதான் ஜூனியர் (20 வயசுக்குட்பட்டவங்க) ரேஸ்ல 16 வயசு கிப்லிமோ ஜெயிச்சது.

2023ல ஆஸ்திரேலியாவோட பாதர்ஸ்ட்ல எத்தியோப்பியாவோட லெடெசென்பெட் கிடே ஃபினிஷ் கோடு கண்ணு முன்னாடி இருக்கும்போது கீழ விழுந்தாங்க, கென்யாவோட பீட்ரிஸ் செபெட் தாண்டிப் போய் தங்கம். வெளியாள் வந்து கைகொடுத்து தூக்கிவிட்டதால கிடே தகுதி இழந்தாங்க. விதிப்படி சரி, ஆனா பாக்கவே முடியல.

கோர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்கவே இருக்காது, அதான் அழகு. 2001 ஆஸ்டெண்ட்ல கணுக்கால் வரைக்கும் சேறு, அந்தப் போட்டி அயர்லாந்துல நடக்க வேண்டியது, கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவினதால பெல்ஜியத்துக்கு மாத்தினாங்க. பிரிட்டனோட பாலா ராட்கிளிஃப் அந்தச் சேத்துல ஜெயிச்சது இன்னிக்கும் பேசற விஷயம். 2007 மொம்பாசால சேறே இல்ல, வெயிலும் புழுக்கமும்தான், பெக்கெலேவே பாதில நின்னுட்டார்.

ஆனா எனக்குப் புடிச்சது 2019 டென்மார்க்கோட ஆர்ஹுஸ். மோஸ்கார்ட்னு ஒரு மியூசியம், அதோட கூரையே புல்லு வளத்த ஒரு பெரிய சரிவு, தரையிலேர்ந்து அப்படியே மேல ஏறிப் போகும். ஒவ்வொரு லேப்லயும் ரன்னருங்க அந்தக் கூரை மேல ஏறி இறங்கணும், கீழ கட்டடத்துக்குள்ள கண்காட்சி. கூடவே தண்ணி, மணல், சேத்துப் பள்ளம் வேற. முதல் லேப்ல அந்த மேட்ட துள்ளி ஏறினவங்க கடைசி லேப்ல கைய முட்டில ஊணாத குறையா ஏறினத பாத்தா, ட்ராக் டைமிங் வெச்சு இங்க யாரையும் கணிக்க முடியாதுன்னு புரிஞ்சிடும். 2023 பாதர்ஸ்ட்ல மவுன்ட் பனோரமா, திராட்சைத் தோட்டத்துக்குள்ள ஓட விட்டாங்க, அந்த வெயில்ல ஆரம்பிச்சு ஆண்கள் ரேஸ் நடக்கும்போது இடியோட மழை. 2024 பெல்கிரேட், 2026 ஜனவரில அமெரிக்காவுல டல்லஹாசி.

உலக சாதனை எவ்ளோ?

கிடையாது. கோர்ஸ் மாறுது, தரை மாறுது, மழை பெஞ்சா அதே கோர்ஸே வேற ஆயிடும், அப்புறம் டைமை எப்படி ஒப்பிடுறது. எந்த இடத்துல வந்தீங்கங்கறது மட்டும்தான் கணக்கு.

ஒலிம்பிக்ஸ்ல ஏன் இல்ல?

இருந்துச்சு! 1912, 1920, 1924. மூணாவது தடவைதான் எல்லாம் கெட்டுது. பாரிஸ்ல ஜூலை மாசம், 40 டிகிரி வெயில், நிழலே இல்லாத பாதை, 38 பேர் கிளம்பினாங்க, 15 பேர்தான் முடிச்சாங்க. வழியில ஆளுங்க மயங்கி விழுந்தாங்க. ஃபின்லாந்தோட பாவோ நூர்மி மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து ஜெயிச்சார். அதோட எடுத்துட்டாங்க. 2024 பாரிஸுக்கு கலப்பு ரிலே சேக்கலாம்னு உலகத் தடகள அமைப்பு கேட்டுப் பாத்துச்சு, ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கல. குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல சேக்கணும்னும் பேச்சு போகுது, எனக்கு அது நல்ல யோசனையாத்தான் படுது, ஏன்னா இது பொதுவா குளிர் சீசன்ல நடக்கற விளையாட்டுதான்.

முன்ன வருஷா வருஷம் நடந்துச்சே, இப்ப ஏன் இல்ல?

2011 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை. நடுவுல கொரோனாவால 2021 போட்டி 2023க்குத் தள்ளிப்போச்சு. ஐரோப்பிய நாடுங்க பல டீம் அனுப்பறதையே குறைச்சிட்டாங்க, அவங்களுக்கு 1994லேர்ந்து தனியா ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இருக்கு, அங்க போனா மெடல் வாய்ப்பு அதிகம். 25வது வந்தாலும் உலக போட்டிக்கு ஆளனுப்பற நாடுங்க மேல எனக்கு பெரிய மரியாதை.

என்ன ஷூ போடுறாங்க?

ஸ்பைக்ஸ்தான், அதாவது அடியில ஊசி வெச்ச ஷூ. காஞ்ச தரைன்னா சின்ன ஊசி, சேறுன்னா நீளமா மாத்திப்பாங்க. லேஸ் நல்லா இறுக்கிக் கட்டணும், சிலர் மேல டேப்பும் சுத்திப்பாங்க, பெக்கெலேவுக்கு ஆனது யாருக்கும் ஆகலாம்.

நான் ட்ராக்ல ஓடுறேன், க்ராஸ் கன்ட்ரி ஓடினா உதவுமா?

கண்டிப்பா. 2003ல ஜூனியர் ரேஸ ஜெயிச்சது யாரு தெரியுமா, பின்னாடி மாரத்தான்ல பேர் வாங்கின கென்யாவோட எலியுட் கிப்சோகே. அதே வருஷம் ஆகஸ்ட்ல பாரிஸ்ல மொராக்கோவோட எல் கெரூஜையும் பெக்கெலேயையும் தாண்டி 5000 மீட்டர் உலக சாம்பியன் ஆயிட்டார். பீட்ரிஸ் செபெட் 2019ல ஜூனியர் தங்கம், 2023, 2024 சீனியர் தங்கம், 2024லயே 10,000ல 29 நிமிஷத்துக்குள்ள ஓடின முதல் பெண், பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 5000, 10,000 ரெண்டு தங்கமும்.

தரை சீரா இல்லாததால ஒவ்வொரு அடியும் வேற மாதிரி விழும், கணுக்கால், இடுப்பு எல்லாம் பலமாகும். முக்கியமா வாட்ச்ச நம்பாம உடம்ப நம்பி ஓடப் பழகுவீங்க. புதுசா வர்றவங்க மேட்டுலயும் அதே ஸ்பீடு வெக்கப் பாத்து செத்துப் போறாங்க, அப்படிப் பண்ணாதீங்க, அடியச் சின்னதா வெச்சு அதே மூச்சுல ஏறுங்க, உச்சியத் தாண்டின உடனே வேகத்தக் கூட்டுங்க, பக்கத்துல வர்றவன் அங்கதான் கொஞ்சம் ஓய்வெடுப்பான்.

பரிசுப் பணம் உண்டா?

சீனியர் தனிநபர் தங்கத்துக்கு 30,000 டாலர், டீம் தங்கத்துக்கு 20,000 டாலர், அத டீம் ஆளுங்க பங்கு போட்டுக்கணும். பெரிய மாரத்தான்ல கிடைக்கறதோட பாத்தா ரொம்பக் கம்மி, அதனால சில மாரத்தான் ஆளுங்க வர்றதில்ல.

யார் வேணா ஓடலாமா?

மெயின் ரேஸ்ல நாட்டு டீம் மூலமாத்தான். ஜூனியர்ல அந்த வருஷக் கடைசிக்குள்ள 16 வயசு ஆகியிருக்கணும், 20 ஆகியிருக்கக் கூடாது. ஆனா ஆர்ஹுஸ்ல பண்ண மாதிரி பொதுமக்கள் ரேஸும் கூடவே வெக்கறாங்க, அதே கோர்ஸ்ல சாம்பியன்ஸ் ஓடின அதே நாள்ல நீங்களும் ஓடலாம்.

முதல் தடவை பாக்கப் போறேன், எப்படிப் பாக்கறது?

முதல் லேப்ல முன்னாடி போறவங்களக் கண்டுக்காதீங்க, நிறைய பேர் அங்கயே எரிஞ்சு போவாங்க. ரெண்டாவது லேப்லேர்ந்து ஒரே கலர் ஜெர்சி எத்தனை பேர் முதல் இருபதுல இருக்காங்கன்னு எண்ணிக்கிட்டே வாங்க. லேப் முடியும்போது திரையில டீம் ஸ்கோர் காட்டினா நாலாவது ஆளோட இடத்தப் பாத்து வெச்சுக்கோங்க, அடுத்த லேப்ல அது ஏறுதா எறங்குதான்னு பாருங்க, அங்கதான் ரேஸ். ஜெயிச்சவர் கோட்டத் தாண்டினதும் வீடியோவ நிறுத்திடாதீங்க, டீம் மெடல் முடிவாக இன்னும் ஒரு நிமிஷமாவது இருக்கும்.